அம்மா போட்ட கட்டு

கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, கலயத்தைத் தோளுக்கு மேலாகப் பின்னால் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கரைக்கு நடந்து வரவேண்டும். தென்காசியிலிருந்து வந்திருந்த சித்தப்பா சொன்ன முறை அதுதான். தம்பி செல்வம் அப்படியே செய்தான். முழங்கால் தண்ணீரில் இரண்டு எட்டு எடுத்து வைத்திருப்பான். கலயம் மிதந்து வந்து அவன் குதிகாலில் முட்டியது.

அவன் நின்றுவிட்டான். பார்க்கக் கூடாது என்பதால் பார்க்கவும் இல்லை.

"அக்கா, என் கால்ல என்னமோ இடிக்குது."

"அப்பாதான்," என்றேன். வேறு என்ன சொல்வது.

கலயத்துக்குள் இருந்தது அப்பாவின் அஸ்தி. செல்வம் அந்த இடத்திலேயே, கரையைப் பார்த்தபடி, அசையாமல் நின்றான். மாநகராட்சியில் வேலை பார்க்கிறவன். மேலிடத்திலிருந்து சொல்லாமல் எதையும் செய்து பழக்கமில்லை. சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கலயத்தை எடுத்து, தானும் திரும்பி நின்று, இன்னும் கொஞ்சம் பலமாகப் பின்னால் எறிந்தார். இரண்டு பேரும் நடந்து வந்தார்கள். கலயம் அவர்களுக்கு முன்னாலேயே கரை சேர்ந்துவிட்டது.

அலையில்லாத ஊர்

நான் அலைச்சறுக்கு விடுதியில் சமையல் செய்கிறேன் என்று எழுதியதைப் படித்துவிட்டு, மலை மலையாக அலை எழும்பும் ஊரில் இருக்கிறேன் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோயம்புத்தூர் வாசகி ஒருவர், பத்திரமாக இருக்கும்படி எழுதியிருந்தார். அவருக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலை முழங்காலுக்கு மேல் வந்தால் அதுவே பெரிய விசேஷம்.

எங்கள் வீடு மட்டாஞ்சேரியில், சுக்கும் மிளகும் அடைத்து வைக்கும் பாண்டிகசாலைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில். விடுதி கடற்கரைப் பக்கம். காலையில் ஆட்டோவுக்கு நின்று பார்ப்பேன். ஆட்டோக்காரருக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை என்றால் நடந்துவிடுவேன். இங்கே யாருக்கும் அவசரம் கிடையாது. 'பத்து மணிக்குத் திறக்கப்படும்' என்ற பலகையைப் பதினொரு மணிக்குத்தான் வெளியே எடுத்து வைப்பார்கள்.

விடுதியில் அலைச்சறுக்கு சொல்லிக்கொடுப்பவன் ஜோபி. முப்பது வயதிருக்கும். வருகிறவர்களை முதல் நாள் முழுக்க மணலிலேயே படுக்க வைத்து எழுப்புவான். மணலில் படுத்துக் கைகளால் துழாவு, எழுந்து நில், மறுபடி படு. அந்தப் பக்கம் நடந்து போகிறவர்கள் இது ஏதோ யோகாசனம் என்று நினைத்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். மறுநாள் தண்ணீருக்குள் கூட்டிப்போவான். அங்கேயும் நிற்பதுதான் வேலை, ஏனென்றால் அலை வராது.

கப்பல் வந்தால் அலை வரும். துறைமுகத்துக்குள் பெரிய கப்பல் ஒன்று நுழைந்தால், அது போய்க் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நாலைந்து நல்ல அலைகள் வரிசையாக வந்து சேரும். ஜோபிக்குக் கப்பலைக் கண்டால் உடம்பு முறுக்கேறிவிடும். "கப்பல்" என்று ஒரு சத்தம் போடுவான். எல்லோரும் சறுக்கும் போர்டில் குப்புறப் படுத்துக்கொண்டு கரையைப் பார்த்துக் காத்திருப்பார்கள். ஊருக்கு உலகத்துக்கு எல்லாம் சரக்குக்காகக் கப்பல் வருகிறது. எங்களுக்கு அலைக்காக வருகிறது.

மழைக்காலம் ஓய்ந்ததும் காயலிலிருந்து ஆகாயத்தாமரை கடலுக்குள் இறங்கி வந்துவிடும். கரை முழுக்கப் பச்சை. அதற்கு நடுவே பிளாஸ்டிக் பாட்டில், ஒற்றைச் செருப்பு, யார் வீட்டுத் தலையணையோ ஒன்று. அப்பா போன சமயம் அப்படிப்பட்ட ஒரு சமயம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடற்கரையில் இருக்கிற நாங்கள் யாரும் கடலில் இறங்குவதில்லை. மீன்கூட தோப்பும்படி ஹார்பரிலிருந்துதான் வருகிறது. சாயங்காலம் வந்து கடலைப் பார்ப்போம், ஒரு சாயா குடிப்போம், வீட்டுக்குப் போய்விடுவோம். கடல் அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது.

அரை நிஜார்

அப்பா பாண்டிகசாலையில் மூட்டை தூக்கினவர். வேலையை விட்ட பிறகு தினமும் மாலை கடற்கரைச் சுவரில் வந்து உட்கார்ந்துவிடுவார். கையில் சாயா. போர்டில் நிற்க முயல்கிறவர்களைப் பார்த்து, அவர்கள் விழுவதற்குச் சற்று முன்னால், "விழுந்தாச்சு" என்பார். ஒருநாளும் தப்பியதில்லை. ஜோபி உட்பட அந்தக் கரைக்கே அவர் அண்ணாச்சி.

ஒருநாள் ஜோபி விளையாட்டாகக் கேட்டான். "அண்ணாச்சி, ஒரு திவசம் நோக்கிக்கூடே?" ஒருநாள் முயன்று பார்க்கக் கூடாதா என்று அர்த்தம். அவன் எல்லோரிடமும் கேட்கிறதுதான். ஐஸ்கிரீம் வண்டிக்காரரிடமும் கேட்டிருக்கிறான். எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்பா சாயாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

மறுநாள் படகேறி எர்ணாகுளம் போனார். பிராட்வேயில் ஒரு அரை நிஜார் வாங்கிக்கொண்டு வந்தார். நைலான் துணி. நீலத்தில் பெரிய பெரிய ஆரஞ்சுப் பூக்கள். ஆயுசு முழுக்கக் கைலி தவிர வேறொன்றும் கட்டாத மனிதர், அதைப் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஏற இறங்கப் பார்த்தாள்.

"கழத்துங்க," என்றாள்.

"ஜோபி கூப்பிட்டிருக்கான்."

"அவன் சின்னப் பையன், கூப்பிடுவான். பேரன் எடுத்த வயசுல தொடையக் காட்டிட்டு நின்னா சந்துல எவன் மதிப்பான்? நெஞ்சுவலின்னு மருந்து தின்னுற ஆளு. தண்ணிக்குள்ள விழுந்தா யாரு தூக்குறது?"

அன்றைக்கே நிஜாரை எடுத்துத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்பா அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

நிறுத்தினார் என்றால் அம்மாவிடம் மட்டும். எங்கள் சந்துத் தமிழில் இதற்கு 'மிண்டாமல் இருப்பது' என்போம். மிண்டுவது என்றால் பேசுவது, மலையாளத்திலிருந்து எப்போதோ எங்கள் வாயில் வந்து ஒட்டிக்கொண்ட சொல். அப்பா மிண்டாமல் இருப்பதில் கெட்டிக்காரர். ஒரே அறையில் அம்மா இருக்கும்போதே, "உங்கம்மாகிட்ட சொல்லு, கொழம்புல உப்பு கூடிப்போச்சு" என்பார். "உங்கப்பாகிட்ட சொல்லு, வேணும்னா தின்னட்டும்" என்பாள் அவள். நான் இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டு கப்பைக் கிழங்கைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். சொல்லவேண்டிய அவசியம் இருந்ததில்லை.

வழக்கமாக இது ஒரு வாரத்தில் சரியாகிவிடும். இந்தத் தடவை ஆகவில்லை. மாதம் தாண்டிப் போனது. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அழுகைக்கு நடுவே அம்மா ஒரே ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "மிண்டாமப் போயிட்டாரே." துக்கத்துக்கு வந்தவர்கள், படுக்கையில் விழாமல், சிரமப்படாமல் போய்ச் சேர்ந்தார் என்று ஆறுதல் சொன்னார்கள். அவள் சொன்னது அதில்லை என்று எனக்கும் தம்பிக்கும் தெரியும். அதற்கு என்ன ஆறுதல் சொல்வது என்று தெரியாததால் நாங்களும், சிரமப்படாமல் போனார் என்றே சொன்னோம்.

வாய் திறக்காத மூட்டை

அம்மாவும் அதே பாண்டிகசாலையில்தான் வேலை பார்த்தாள். சுக்கு புடைப்பாள், மிளகு பொறுக்குவாள், சாக்கின் வாயைத் தைப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் தைத்த மூட்டைகளைத்தான் அப்பா தூக்கினார் என்று ஒரு பேச்சு உண்டு. அது காதல் கல்யாணமா என்று ஒருமுறை கேட்டேன். "மூட்டை தூக்க வந்தாரு, தூக்கினாரு" என்றாள் அம்மா. மேற்கொண்டு விவரம் கிடைக்கவில்லை.

அப்பா யாரையும் புகழமாட்டார். ஆனால் அம்மாவின் கட்டைப் பற்றி மட்டும் சொல்வார். "அவ கட்டுன மூட்டை என் முதுகுல வச்சு ஒருநாளும் வாய் திறந்ததில்லை." குடித்திருந்தாலும் சொல்வார், குடிக்காவிட்டாலும் சொல்வார்.

உள்ளூருக்குப் போகிற சரக்குக்கு ஒரு கட்டு, வெளிநாட்டுக்குக் கப்பலில் போகிறதற்கு வேறு கட்டு. வெளிநாட்டுச் சரக்கில் ஈரம் ஏறக் கூடாது. முதலில் பிளாஸ்டிக் உறை, அதன் வாயை முறுக்கி மடக்கிக் கட்டவேண்டும். அதற்குமேல் துணி அல்லது சாக்கு, அதற்குமேல் சணல். இப்படிக் கட்டிய மூட்டை மழையில் கிடந்தாலும் உள்ளே இருக்கும் சுக்கு காய்ந்தபடியே இருக்கும்.

எதற்கு இந்தக் கதை என்றால், அஸ்திக் கலயத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று பின்னால் கொய்யா மரக் கிளையில் தொங்கவிட்டிருந்தோம். அன்று மாலை மழை தூறியது. அம்மா தகரப் பெட்டியைத் திறந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். சேலை எடுக்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். சித்தப்பா இருட்டிலேயே, கலயத்தின் வாயில் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டினார். அதற்கடியில் ஏற்கெனவே ஒரு கட்டு இருப்பதை அவர் கவனிக்கவில்லை.

யார் கட்டினது

இனி கரைக்கு வருவோம். சித்தப்பா எறிந்த எறியில் அவருடைய வெள்ளைத் துணியை அலை உருவிக்கொண்டு போய்விட்டது. ஆகாயத்தாமரைக்கு நடுவே ஒருக்களித்துக் கிடந்தது கலயம். அதன் வாயில் நீலத் துணி, ஆரஞ்சுப் பூக்கள். சுற்றிச் சணல்.

சித்தப்பா குனிந்து பார்த்தார். "இது என்ன கோலம்? யாரு கட்டுனது இத?"

நாங்கள் அம்மாவைப் பார்த்தோம். அம்மா கடலைப் பார்த்தாள்.

"மழை பேஞ்சுது," என்றாள் கடைசியில். "நனைஞ்சிரக் கூடாதுன்னு கட்டினேன்."

கடலில் கரைக்கப் போகிற சாம்பல் நனைந்துவிடக் கூடாது என்று கட்டியிருக்கிறாள். யாரும் அதை அவளிடம் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜாரின் ஒரு காலை வெட்டி, உள்ளே பிளாஸ்டிக் கொடுத்து, அப்பாவை வெளிநாட்டுச் சரக்குக்கான கட்டாகக் கட்டிவிட்டாள். அது எப்படி முங்கும்?

செல்வம் அவிழ்க்கப் பார்த்தான். சணல் உப்புத் தண்ணீரில் ஊறி இறுகியிருந்தது. பல்லால் கடிக்கப் போனவனைச் சித்தப்பா தடுத்தார். கல்லால் உடைத்துவிடலாமா என்று கேட்டான்.

"அவர் மேல கல்ல போடுவியா நீ," என்றாள் அம்மா. அவன் கல்லைக் கீழே போட்டான்.

பிறகு அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். "அவரு போகமாட்டாரு," என்றாள். "என்னோட மிண்டாம எங்கயும் போகமாட்டாரு. நான் இறங்க விடலைல்ல, அந்தக் கோவம். நான்தான் புடிச்சு வச்சிருக்கேன்."

அவள் உண்மையாகவே அப்படி நம்பினாள். சமாதானத்துக்காகச் சொல்லிக்கொள்கிற பேச்சு இல்லை. இந்தக் கலயம் இப்படியே திரும்பி வந்தால், மிச்சமிருக்கும் வருஷமெல்லாம் அவள் அந்தச் சமையலறையில் அவருடைய கோபத்தோடுதான் இருக்கப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் நான் பயந்தேன்.

பெரிய போர்டு

ஜோபி காலை வகுப்புக்காகப் போர்டுகளை மணலில் அடுக்கிக்கொண்டிருந்தான். பெங்களூரிலிருந்து வந்திருந்த இரண்டு பேர் குப்புறப் படுத்து எழுந்துகொண்டிருந்தார்கள். அவன் வந்து கலயத்தைப் பார்த்தான். துணியைப் பார்த்தான். அவனுக்கு அந்தத் துணியைத் தெரியும். அப்பா வாங்கிய அன்றே கொண்டுபோய்க் காட்டியிருந்தார்.

"சேச்சி," என்றான் என்னிடம், "இவிடே விட்டால் திரிச்சு வரும். அலைக்கு அப்புறம் போகணும். ஞான் கொண்டுபோகாம்."

இங்கே விட்டால் திரும்பி வரும், அலைக்கு அப்பால் தானே கொண்டுபோகிறேன் என்கிறான். சித்தப்பாவுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அம்மா எழுந்தாள்.

"நீ கொண்டுபோனா யாரு அவிழ்க்கிறது? அது உனக்கு வராது."

"இங்கயே நீங்க அவிழ்த்துக் குடுங்கம்மா, அவன் கொண்டுபோகட்டும்," என்றேன்.

"கரையில திறக்கக் கூடாது," என்றார் சித்தப்பா. "தண்ணிக்குள்ளதான் திறக்கணும். அதுதான் முறை."

"அப்ப நான் போறேன்," என்றாள் அம்மா.

சித்தப்பா பதறிவிட்டார். "மதினி, பொம்பளையாளு இந்தக் காரியத்துக்குத் தண்ணிக்குள்ள இறங்கக் கூடாதுல்லா."

"நான் எங்க தண்ணில இறங்குறேன். பலகை மேலதான இருக்கப்போறேன்," என்றாள்.

முறை தெரிந்த சித்தப்பாவிடம் பலகையைப் பற்றி முறை எதுவும் இல்லை.

விடுதியிலேயே பெரிய போர்டு ஒன்று உண்டு. மேலே ரப்பர் போல மெத்தென்று இருக்கும். ரொம்பப் பயப்படுகிறவர்களுக்காக ஜோபி வைத்திருப்பது. அம்மாவுக்குச் சேலைக்கு மேலாக லைஃப் ஜாக்கெட் மாட்டினான். அவள் முந்தானையை அதற்குள் இழுத்துச் செருகினாள். கரையைப் பார்த்து, கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். கலயம் மடியில். ஜோபி பின்னாலிருந்து இழுக்க, பெங்களூர்க்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் விளக்கவில்லை. கட்டணத்தில் இதுவும் அடக்கம் என்று நினைத்திருக்கலாம்.

"அம்மே, பேடிக்கண்டா," என்றான் ஜோபி. பயப்படாதீர்கள் என்று அர்த்தம்.

"எனக்கென்ன பேடி," என்றாள் அம்மா. இரண்டு கை விரல்களும் போர்டின் விளிம்பில் வெளுத்துப்போயிருந்தன.

நான் இடுப்பளவு தண்ணீர் வரை கூடவே போனேன். அதற்குமேல் எனக்கு நீச்சல் தெரியாது. அவர்கள் அலை உடைகிற இடத்தைத் தாண்டி, ஜோபியின் நெஞ்சளவு ஆழத்தில் நின்றார்கள். அம்மா கலயத்தை மடியில் திருப்பித் திருப்பிச் சணலைத் தடவினாள். நுனியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். கிடைத்ததும் ஒரே இழுப்பு. கட்டு முழுதாக அவிழ்ந்து வந்துவிட்டது.

துணியை எடுத்தாள். பிளாஸ்டிக்கை எடுத்தாள். கலயத்தை இரண்டு கையாலும் தோளுக்கு மேலே கொண்டுபோய்ப் பின்னால் விட்டாள். உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஜோபிக்குக் கேட்டிருக்கும். நான் இதுவரை அவனிடம் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

கலயம் ஒருமுறை குப்புறக் கவிழ்ந்து, தண்ணீர் குடித்து, இறங்கிப்போனது.

அந்த நேரத்தில் எல்லோருக்கும் அப்பால், துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது. ஆரஞ்சு நிறம், உயரமாகப் பெட்டிகள் அடுக்கியது. நான் பார்த்தேன். ஜோபியும் பார்த்தான். கப்பலைக் கண்டால் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவன், அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் போர்டைக் கரைக்கு நேராகத் திருப்பிப் பிடித்தான்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. முறை அப்படி. அதனால் அவளுக்குக் கப்பலும் தெரியாது, அதற்குப் பின்னால் வந்துகொண்டிருந்ததும் தெரியாது.

அலை போர்டுக்கு அடியில் புகுந்து தூக்கியது. ஜோபி கையை எடுத்தான். பெங்களூர்க்காரர்களும் எடுத்தார்கள். அம்மா உட்கார்ந்தபடியே, முதுகை நிமிர்த்திக்கொண்டு, என்னைத் தாண்டி, செல்வத்தைத் தாண்டி, ஆகாயத்தாமரையைப் பிளந்துகொண்டு நேராகச் சித்தப்பாவின் காலடிக்குப் போய் நின்றாள். வகுப்பில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் அவ்வளவு தூரம் விழாமல் வந்ததில்லை.

நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். அவள் முகத்தில் அழுகை இல்லை. வெகுநாளைக்குப் பிறகு அவளுடைய பழைய எரிச்சலைப் பார்த்தேன். கையில் இருந்த பூப்போட்ட துணியைப் பிழிந்து உதறினாள்.

"மிண்டத்தான் மாட்டாராம்," என்றாள். "பின்னாடி நின்னு தள்ளி மட்டும் விடுவாராம். விழுந்திருந்தா?"

ஜோபி தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தான். என்னைப் பார்த்தான். நான் கப்பல் போன பக்கம் பார்க்காமல் நின்றேன்.

"அண்ணாச்சி தன்னே அம்மே, அண்ணாச்சிதான்," என்றான் அவன்.